லிண்ட்டர் (கோடில் தப்பு தேடும் கருவி) விட்ட பொய் எச்சரிக்கைகள்: உங்கள் அனுபவம்?

காரைக்குடி_பைத்தான்
நகரத்தார் குடும்பக் கணக்கில் கோயிலுக்குக் கட்டும் புள்ளி வரிக்கு ரசீது போடும் சின்ன புரோகிராம். ஒன்பது நகரக் கோயில் பெயர்களும் பட்டியலாக இருக்கும். பைத்தான் லிண்ட்டரான ஃபிளேக்8 ஓட்டினால் ஈ501, கோடில் ஒரு வரி ரொம்ப நீளம் என்று கத்தல். ஒரு வரிக்கு ஆறு ஊர்தான், எழுத்தாக எண்ணினால் எழுபதைக்கூட எட்டாது. சந்தேகத்தில் 'இளையாத்தக்குடி'யை மட்டும் லென் (நீளம் எண்ணும் பைத்தான் கட்டளை) போட்டேன். 14! விரல் விட்டு எண்ணினால் எட்டே எழுத்து. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஃபிளேக்8 ஒரு வரிக்கு விடும் 79 எப்படிப் போதும்? அந்த ஃபைலுக்கு மட்டும் பெர்-ஃபைல்-இக்னோர்ஸ் விலக்கில் ஈ501 போட்டு முடித்தேன். "பேரை இங்கிலீஷ்ல மாத்திடுங்க" என்றார் சென்னை சீனியர். வரி கட்ட வரும் பெரியவர் அந்த ரசீதை வாங்குவாரா? இன்னும் ஆறவில்லை.

ஆத்தங்குடி_கல்
எனக்கு பைலிண்ட், இன்னொரு பைத்தான் லிண்ட்டர். டைல்ஸில் சாயம் தப்பியிருக்கிறதா என்று கேமராவில் பார்க்கும் கோட். படம் கையாளும் சிவி2 மாட்யூலில் இம்ரீட் (படத்தைத் திறக்கும் கட்டளை) என்று ஒன்றே இல்லையாம். பக்கத்து விண்டோவில் அதே இம்ரீட் பூப்போட்ட கல்லைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறது! சி மொழியில் எழுதிய மாட்யூலை பைலிண்ட் தானாக லோட் செய்து பார்க்காது. லோட் செய்ய அனுமதி தரும் எக்ஸ்டென்ஷன்-பிகேஜி-அலவ்-லிஸ்ட்டில் சிவி2 சேர்த்ததும் அடங்கியது.

தேவகோட்டை_டெவ்
காரைக்குடி அண்ணே, உங்களுடையது பொய் எச்சரிக்கையே இல்லை. சொல்லிக்கொடுத்தபடி எண்ணியிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான ஆபத்து வெறும் நோக்யூஏ, அதாவது 'இந்த வரியைப் பார்க்காதே' என்று லிண்ட்டருக்கு வரிக் கடைசியில் எழுதும் குறிப்பு, விதி எண் இல்லாமல். கண்டாங்கிக் கடை பில்லிங்கில் ஒருவர் நீள வரிக்கு அதைப் போட்டுவிட்டுப் போக, அதே வரியில் இல்லாத வேரியபிள் பெயர் ஒளிந்திருந்தது. அதைப் பிடிக்க வேண்டிய எஃப்821 விதி வாயே திறக்கவில்லை. அதனால் நோக்யூஏ போட்டால் கோலன் வைத்து விதி எண்ணையும் எழுதுங்கள். அப்புறம் ஃபிளேக்8 செட்டிங்கில் இக்னோர் என்று எழுதாதீர்கள், எக்ஸ்டெண்ட்-இக்னோர் எழுதுங்கள். இக்னோர் போட்டால் அது தானாகவே விட்டுவைக்கும் விதிகளின் பட்டியல் அழிந்துபோகும். அதிலிருந்த டபிள்யூ503, டபிள்யூ504 இரண்டும் உயிர் பெறும். ஒன்று கூட்டல் குறிக்கு முன்னால் வரியை உடைக்காதே என்கும், மற்றது பின்னால் உடைக்காதே என்கும். 2016-லேயே பைத்தான் நடை வழிகாட்டியான பெப்8 முன்னால் உடைப்பதுதான் நல்லது என்று மாறிவிட்டது. ரஃப் லிண்ட்டர் வைத்திருப்பவர்கள் ஆர்யூஎஃப்100 விதியைப் போட்டால் வேலையில்லாத நோக்யூஏக்களைக் காட்டிக்கொடுக்கும்.

காரைக்குடி_பைத்தான்
தம்பி, நான் வெறும் நோக்யூஏ போட்டேன் என்று எங்கே சொன்னேன்? முழுசாகப் படியுங்கள்.

பள்ளத்தூர்_ரியாக்ட்
பைத்தான்காரர்கள் சண்டைக்கு நடுவில் ஒன்று. கானாடுகாத்தானில் தங்கும் விடுதியின் புக்கிங் பக்கம். ஜேஎஸ்எக்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே பக்கத்தை எழுதும் முறை) பயன்படுத்திய காலண்டரை 'பயன்படாதது' என்று ஜாவாஸ்கிரிப்ட் லிண்ட்டரான ஈஎஸ்லிண்ட் சொல்ல, புதுப் பையன் அந்த இம்போர்ட்டை அழித்துவிட்டான். பக்கம் வெள்ளை. ஜேஎஸ்எக்ஸ்-யூசஸ்-வார்ஸ் விதியை ஆன் செய்தால் போதும். பையனைத் திட்டவில்லை, லிண்ட்டர் சொன்னதைத்தானே செய்தான்.