டி.எஸ்.எச். சரியான பிறகும் தீராத அசதி: எங்கள் பக்கத்து அனுபவங்கள்

திருமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியை:

எனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி இருப்பது 2019-இல் தெரிய வந்தது. பங்குனி வெயிலில் வகுப்புப் பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் மின்விசிறியை நிறுத்தச் சொல்வதைக் கவனித்த சக ஆசிரியை ஒருவர்தான் பரிசோதனைக்கு வற்புறுத்தினார். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறி, மிஞ்சினால் இறங்கும் இரத்த அளவான டி.எஸ்.எச். 38 இருந்தது. தைராய்டுக்கு எதிராக உடலே உருவாக்கும் ஆன்டி டி.பி.ஓ. எதிர்ப்பொருளும் மிக அதிகம். நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தைராய்டு சுரப்பியை அந்நியப் பொருளாக எண்ணித் தாக்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல அழிக்கும் இந்த நோயை, 1912-இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் முதன்முதலில் விவரித்தார்.

குறைந்த ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்ஸின் மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் டி.எஸ்.எச். 2-க்கு வந்துவிட்டது. குளிர் விட்டது, முக வீக்கம் வடிந்தது, மலச்சிக்கல் தீர்ந்தது. அசதியும் மறதியும் மட்டும் போகவில்லை. பல ஆண்டுகளாக நடத்திவரும் செய்யுளின் முதலிரண்டு அடிகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மூன்றாம் அடி நினைவுக்கு வராமல் சாக்பீஸோடு நின்றிருக்கிறேன். "ரிப்போர்ட் நார்மல்தானே, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா" என்று ஒரு மருத்துவர் அனுப்பிவிட்டார். அப்படிச் சொல்லப்படுவது, நோயைவிட அதிகமாக ஆளைத் தளர்த்திவிடுகிறது.

அடுத்துப் பார்த்த மருத்துவர் தைராய்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 12.1 இருந்ததால் அதுவரை யாரும் இரும்புச்சத்தைச் சந்தேகித்ததில்லை. ஃபெரிட்டின் 9 என்று வந்தது. சேமிப்பு வற்றிய பிறகும் ஹீமோகுளோபின் சில காலம் தாக்குப்பிடிக்கும் என்றும், அதற்குள்ளேயே அசதியும் முடி உதிர்வும் தொடங்கிவிடலாம் என்றும் அவர் விளக்கினார். தைராய்டைத் தாக்கும் அதே கோளாறு சிலருக்கு இரைப்பையின் செல்களையும் தாக்குவதால், பி12 உறிஞ்சப்படாமல் போவதும் உண்டாம். எனக்கு பி12 சரியாக இருந்தது. இரும்பு மாத்திரை தைராக்ஸினை உடலில் சேரவிடாது என்பதால், இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்றார். காலையில் தைராக்ஸின், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு என்று வைத்துக்கொண்டேன். மறதி பெரும்பாலும் போய்விட்டது. அசதி பாதிதான் குறைந்திருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து, தாயாருக்காக எழுதுபவர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் அம்மாவைப் பற்றி எழுதத் தோன்றியது. எங்களுக்கு மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும் என்பதால், அம்மாவுக்கு விடியுமுன்பே பொழுது தொடங்கிவிடும். எழுந்தவுடன் தைராக்ஸின் மாத்திரை, கையோடு ஒரு டம்ளர் காப்பி, பிறகு தோட்டம் என்பது அவருடைய வழக்கம். மாத்திரையின் அளவை எவ்வளவு கூட்டியும் டி.எஸ்.எச். 10-க்குக் கீழே இறங்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர், அம்மாவின் ஒரு நாள் பொழுது எப்படிப் போகிறது என்று பொறுமையாகக் கேட்டார். மாத்திரைக்குப் பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும்; காப்பி அதன் உறிஞ்சுதலைக் குறைத்துவிடும். அந்த நேரத்தில் தோட்டத்தில் நிற்பவரிடம் காப்பியை விடச் சொல்லிப் பயனில்லை என்பது அவருக்குப் புரிந்தது. இரவு உணவை முன்னதாக முடித்து, மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். அளவைக் கூட்டாமலேயே அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 3-க்கு வந்தது. மாத்திரையின் முழு விளைவு தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பதால், அதற்கு முன் பரிசோதிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

இன்னும் தீராதது விரல்களின் மரமரப்பு. பூக்கட்டும்போது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், நாரைச் சுண்டி இழுக்கும் நேரத்தில் மொட்டுகள் நழுவி மடியில் விழும். தைராய்டு குறைபாட்டில் மணிக்கட்டின் திசுக்கள் வீங்கி நரம்பை அழுத்துவதுண்டு. ஆனால் ஓயாமல் பூக்கட்டும் கைக்கு அந்த வேலையே ஒரு காரணம். இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிகிறார். முன்பு போல நள்ளிரவில் கையை உதறிக்கொண்டு எழுவதில்லை.

மேலூரிலிருந்து, பணி ஓய்வு பெற்றவர்:

இந்த நோய் பெண்களுக்கே அதிகம் வருவது என்பது உண்மை. ஆண்களை விட்டுவைக்கிறது என்பதில்லை. என் அசதிக்காக ஒரு மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். அசதி போகவில்லை, நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் சேர்ந்துகொண்டன. டி.எஸ்.எச். 0.1-க்கு இறங்கியிருந்தது. அந்த நிலை நீடித்தால், குறிப்பாக என் வயதில், இதயத் துடிப்பு தாறுமாறாகவும் எலும்பு தேயவும் வாய்ப்புண்டு என்று வேறொரு மருத்துவர் எச்சரித்து அளவைக் குறைத்தார். உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தவர் என் மனைவி: நான் குறட்டை விடும்போது நடுவில் மூச்சு நின்று போவதை அவர்தான் மருத்துவரிடம் சொன்னார். உறக்கப் பரிசோதனையில் அது உறுதியாகி, இப்போது இரவில் மூச்சுக் கருவி அணிந்து உறங்குகிறேன். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவது நின்றுவிட்டது.

மீண்டும் திருமங்கலம் ஆசிரியை:

ஐயா எழுதியதைப் படித்த பிறகு, அசதி என்றவுடன் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பது எவ்வளவு ஆபத்து என்பது எனக்கு இன்னும் தெளிவாகிறது. ஒருவர் தனிச்செய்தியில், எதிர்ப்பொருளின் அளவு குறைகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். நோய் உறுதியான பிறகு அதைத் திரும்பத் திரும்ப அளப்பதால் சிகிச்சையில் மாற்றம் எதுவும் வருவதில்லை. அந்தப் பணத்துக்கு ஃபெரிட்டின் பார்க்கலாம். கோதுமையை அறவே விட வேண்டும் என்று சிலர் சொல்வதும், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உறுதியானவர்களுக்கே ஐயமின்றிப் பொருந்தும். (புரோட்டாவை விடச் சொன்னால் மதுரையில் யார் கேட்கப் போகிறார்கள் என்பது வேறு.) முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் கவனியுங்கள்: பல பரிசோதனைக்கூட முறைகளில் அது டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவு பார்த்த பிறகும் அசதி மிஞ்சுபவர்கள் உண்டு. டி.எஸ்.எச். சரியான பின்னும் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் நீடிக்கின்றன என்று ஐரோப்பியத் தைராய்டு சங்கத்தின் 2012 வழிகாட்டியே ஒப்புக்கொள்கிறது. அத்தகையோரில் சிலருக்கு, மருத்துவரின் கண்காணிப்பில் தைராக்ஸினோடு, தைராய்டின் மற்றொரு ஹார்மோனான டி3-யையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மதுரையில் அப்படி எடுத்துக்கொண்டவர்கள் யாரேனும் இருந்தால், படபடப்பு வந்ததா, எத்தனை மாதத்தில் வேறுபாடு தெரிந்தது என்பதை எழுதுங்கள்.