பால் நோட்டில் எழுதி வைத்த தேதிகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில், பேக்கிங்கில் இருக்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். அப்புறம் மூட்டை எண்ணும் சாக்கில் உரசுவது, ராத்திரியில் போன். ஒருநாள் நாலு பேர் முன்னால் திட்டிவிட்டேன். "லைன் வீட்டைக் காலி பண்ண எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?" என்றான். (இதற்கு மேல் 'அவர்' என்று எழுத மனசு வரவில்லை.) என் வீட்டுக்காரருக்கும் அதே எஸ்டேட்டில்தான் வேலை, நாங்கள் இருக்கும் லைன் வீடும் எஸ்டேட் கொடுத்ததுதான். இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

பிறகு மேனேஜரிடம் சொன்னேன். "நான் கண்டிச்சு வைக்கிறேம்மா, நீ வேலையைப் பாரு." அடுத்த வாரம் கேட்டால், எப்போது சொன்னாய் என்கிறார்! நல்லவேளை, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, அவன் சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் குறித்து வைத்திருந்தேன்.

10 பேர் வேலை செய்தாலே புகார்க் குழு வேண்டும் என்கிறது, வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் போர்டிலும் பெயர்கள் தொங்கின. தலைவி என்று போட்டிருந்த அக்கா ரிடையர் ஆகி ஊருக்கே போய்விட்டார்! மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். அதனால் திங்கட்கிழமை பஸ் ஏறி, ஊட்டியில் கலெக்டர் மனு நாளில் கொடுத்தேன். ஃபேக்டரிக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. மிரட்டலுக்குத் தனியாக ஸ்டேஷனில் மனு, ரசீதும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டே வாரத்தில் புதுக் கமிட்டி, வெளியிலிருந்து ஒரு மேடமும் சேர்த்து. விசாரணை முடியும்வரை உன்னை வேறு செக்‌ஷனுக்கு மாற்றட்டுமா என்றார்கள். அவனை மாற்றுங்கள் என்றேன். மாற்றினார்கள். சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட இரண்டு பேரில் ஒருத்தி அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். கோபமில்லை, அவளுக்கும் லைன் வீடுதான்.

கொடைக்கானலிலிருந்து:

உங்களுக்காவது கமிட்டி இருந்தது அக்கா. நான் இருந்த காட்டேஜில் மொத்தமே 6 பேர், தொல்லை கொடுத்ததே முதலாளிதான். இப்படிப்பட்ட இடத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர்க் குழு உண்டு. எங்களுக்கு அது திண்டுக்கல். மலையிறங்கிப் போனால் ஒருநாள் கூலி போச்சே என்று தயங்கினேன். தாலுகாவிலேயே மனு வாங்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும், 7 நாளில் அவர் மேலே அனுப்ப வேண்டும் என்று ஒரு வக்கீலம்மா சொன்ன பிறகுதான் எழுதினேன். வேலை போய்விட்டது, சம்பளப் பாக்கியும் வரவில்லை. வியாழக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கோத்தகிரி:

அந்த ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது எதையும் அழித்துவிடாதே கண்ணு. வத்தலக்குண்டில் என் தங்கச்சி இருக்கிறாள். வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்கிறேன்.