1704ல ஆரம்பிச்ச ஜவுளிக் கம்பெனி இப்ப பிளாஸ்டிக் புல் விக்குது: வளர்ச்சியா, வெறும் பேரா?

தறிச்சத்தம்:
நெதர்லாந்துல ட்வென்டே பக்கம் அல்மெலோன்னு ஒரு ஊருங்க. அங்க டென் காட்டே குடும்பம் 1704லயே துணி வியாபாரம், மொதல்ல லினன், அப்புறம் பருத்தி மில்லு, 1957ல பக்கத்துல இருந்த நைவர்டல் மில்லும் இவங்களும் ஒண்ணா சேர்ந்தாங்க. இன்னைக்கு அந்தப் பேரைச் சொன்னா ஃபுட்பால் கிரவுண்டுக்குப் போடற செயற்கைப் புல்தான் ஞாபகம் வருது. நான் சொல்றது என்னன்னா இவங்க தொழிலை மாத்தவே இல்லீங்க. பாலிஎத்திலீனை உருக்கி இழுத்து நூலாக்கறாங்க, கார்பெட் பண்ற மெஷின்லயே ஊசி வச்சு அடித்துணில குத்தி ஏத்தறாங்க, பின்பக்கம் லேடெக்ஸ்ங்கற ரப்பர் பசை பூசி காய வைக்கறாங்க. நூலு, துணி, ஃபினிஷிங். இதுல ஜவுளி இல்லாதது எதுங்க?

லெஃப்ட்பேக்_3:
அண்ணே அந்த ஜவுளி மேல ஒரு ஸ்லைடிங் டேக்கிள் போட்டுப் பாருங்க, தொடைல தோலு இருக்காது 😀 அதே அல்மெலோ ஊர் டீம் ஹெராக்ளிஸ்தான் 2003ல நெதர்லாந்துலயே முதல்ல செயற்கைப் புல் போட்ட ப்ரொஃபஷனல் கிளப். இப்ப என்ன ஆச்சு? 2025-26 சீசன்லேருந்து அவங்க டாப் லீக்ல செயற்கைப் புல்லே கூடாது, இயற்கைப் புல் இல்லேன்னா ஹைப்ரிட்தான், அதாவது நிஜப் புல்லுக்குள்ள கொஞ்சம் பிளாஸ்டிக் இழை கலந்தது. சொந்த நாட்டு பிளேயர்ஸே வேணாம்னு சொன்ன சரக்கு.

தறிச்சத்தம்:
டாப் லீக் எத்தனை கிளப் தம்பி, 18. மழையிலயும் பனியிலயும் சாயங்காலம் முழுக்க பசங்க மாத்தி மாத்தி ஆடற ஊர் கிரவுண்டுல இயற்கைப் புல்லு எத்தனை வாரம் தாங்கும்? மார்க்கெட்டே அங்கதான்.

பழையபேப்பர்:
ரெண்டு பேரும் புல்லைப் பத்தியே பேசறீங்க, மில்லு ஏன் வந்துச்சு ஏன் போச்சுன்னு யாரும் கேக்கல. 1830ல பெல்ஜியம் பிரிஞ்சு போச்சு, கென்ட் நகர மில்லுங்க கையை விட்டுப் போச்சு. ஜாவாவுக்கு துணி அனுப்ப ராஜா ஆதரவுல 1824லயே ஒரு டிரேடிங் கம்பெனி வச்சிருந்தாங்க, அவங்கதான் தாமஸ் எய்ன்ஸ்வொர்த்னு ஒரு இங்கிலீஷ்காரரைப் பிடிச்சு 1833ல கோர்ங்கற ஊர்ல நெசவுப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, 1836ல நைவர்டல் வந்துச்சு. மொத்த கணக்கும் காலனி மார்க்கெட்டை நம்பி. அதுக்கு முந்தி அந்தத் தீவுங்களுக்கு டச்சுக் கப்பல்ல போனது நம்ம பழவேற்காடு பக்கத்துத் துணி, அது வேற கதை. இந்தோனேசியா விடுதலையாச்சு, ஆசியாலேருந்து மலிவு துணி வந்துச்சு, 60, 70கள்ல ட்வென்டே முழுக்க மில்லு மில்லா மூடினாங்க. பருத்தித் தறி ஓட்டினவனுக்கும் இந்த புல்லுக்கும் என்ன சம்பந்தம்? கம்பெனி பொழைச்சுது, அவன் வீட்டுக்குப் போனான். இதைப் போய் பரிணாம வளர்ச்சின்னு பெருமையா எழுதறது எனக்கு ஒப்பல.

பாலிமர்_பாண்டி:
பருத்திலேருந்து நேரா புல்லுக்குத் தாவலைங்க, நடுவுல ஒரு பெரிய கட்டம் இருக்கு. டென்ட் துணி, தீயணைப்புக்காரங்க போடற துணி, அப்புறம் மண்ணுக்கு அடில போடற ஜியோ டெக்ஸ்டைல். 1953 வெள்ளத்துக்கப்புறம் கட்டின டெல்டா அணைங்களுக்கு கடலடி மண்ணு அரிக்காம இருக்க சிந்தெடிக் துணிதான் விரிச்சாங்க, அந்த வேலைலதான் அந்த நாட்டுல பிளாஸ்டிக் நூல் நெசவு கைக்கு வந்துச்சு. செயற்கைப் புல்லு இவங்க கண்டுபிடிப்பும் இல்ல. அமெரிக்காவுல மான்சான்டோங்கற கெமிக்கல் கம்பெனி பண்ணினது, 1964ல பிராவிடென்ஸ்ல ஒரு ஸ்கூல்ல போட்டாங்க, 1966ல ஹூஸ்டன்ல ஆஸ்ட்ரோடோம்ங்கற கூரை போட்ட ஸ்டேடியத்துல. அங்க கூரை வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு பெயின்ட் அடிச்சு உள்ள இருந்த நிஜப் புல்லு செத்தே போச்சு, அதனால வந்த பேருதான் ஆஸ்ட்ரோடர்ஃப். டென் காட்டே பின்னாடி வந்து நூல்ல பிடிச்சாங்க.

லெஃப்ட்பேக்_3:
அந்த நூலுக்கு நடுவுல கொட்ற கறுப்பு ரப்பர் குருணையப் பத்தி ஏன் பேச மாட்டேங்கறீங்க? பழைய டயரு. 2016ல டச்சு டிவில அதைக் கிளப்பினாங்க, அரசு சுகாதார நிறுவனம் ஆடறதுக்கு சேஃப்னு சொல்லுச்சு, சரி ஒத்துக்கறேன். ஆனா ஷூவோட வீட்டுக்கு வந்து வாய்க்கால்ல போய் கலக்குதுல்ல, அதுக்குத்தான் ஐரோப்பிய யூனியன் 2023ல மைக்ரோ பிளாஸ்டிக் சட்டம் கொண்டு வந்து 2031 அக்டோபரோட குருணை விக்கக் கூடாதுன்னுட்டாங்க.

தறிச்சத்தம்:
குருணை ஒரு பக்கம் இருக்கட்டுங்க, சுற்றுச்சூழல்னு வந்தா இன்னொண்ணும் பாக்கணும். கிரீன்ஃபீல்ட்ஸ் எம்எக்ஸ்னு இவங்க குரூப்லயே ஒரு டர்ஃப் இருக்கு, ஊசில குத்தறது இல்ல, தறில நெய்யறது. பாவு ஊடையோடயே இழை கட்டிக்கறதால லேடெக்ஸ் வேண்டாம், லேடெக்ஸ் இல்லேன்னா பழசை உருக்கி மறுபடி எடுக்கறது சுலபம். தறி தெரிஞ்சவனுக்குத்தான இந்த யோசனை வரும்?

பழையபேப்பர்:
எந்தத் தறிக்காரன்? 2016ல ஷேர் மார்க்கெட்லேருந்து எடுத்துட்டு, 2018ல விமான பாகத்துக்கான கம்போசிட் (இழையும் பிசினும் சேர்த்த பொருள்) பிரிவை ஜப்பான் டோரே கம்பெனிக்கு வித்தாங்க, புல்லுப் பிரிவு அமெரிக்க முதலீட்டு நிறுவனங்க கைக்குப் போச்சு. துண்டு துண்டா பிரிச்சு வித்தப்புறம் அந்த 1704 எந்தத் துண்டுல ஒட்டிட்டிருக்கு, அதைச் சொல்லுங்க.

தறிச்சத்தம்:
முதலாளி மாறினா தறி மாறிடுமா? எங்க பக்கம் ஒரே ஷெட்டு நாலு கை மாறும், ஓடற துணி அதேதாங்க.

பழையபேப்பர்:
ஷெட்டு கை மாறறப்ப அதுல வேலை பாக்கறவன் அப்படியே இருக்கானா? அதுக்கு இன்னும் பதில் வரல.