டிராப்பில் பாதி பவர் போகிறதாமே!

கடலோரக்காது:
நேற்று ராத்திரி ஹாம் ரேடியோக்காரர்கள் கூடிப் பேசும் 2 மீட்டர் நெட்டில் புதிதாக லைசென்ஸ் வாங்கிய தம்பி ஒருவர், 20, 15, 10 மீட்டர் பேண்டுகளுக்கு (அலைவரிசைகளுக்கு) எந்த பீம், அதாவது ஒரே திசையில் குவித்து வீசும் ஆண்டெனா, வாங்கலாம் என்று கேட்டார். உடனே நம் மொட்டைமாடி ஓஎம் (ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்), "டிராப் வைத்த டிரைபேண்டர் பக்கமே போகாதே, பாதி பவர் டிராப்பிலேயே சூடாகிப் போய்விடும், ஹெக்ஸ் பீம்தான் வழி" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். டிரைபேண்டர் என்றால் 3 பேண்டுக்கும் ஒரே குழாய் ஆண்டெனா; எந்த பேண்டுக்கு எவ்வளவு நீளம் வேலை செய்ய வேண்டும் என்று பிரிப்பது டிராப். ஹெக்ஸ் என்றால் கம்புகளில் கம்பி கட்டிய குடை மாதிரி ஆண்டெனா. பாதி பவர் என்றால் 3 டெசிபல். 400 வாட் விடுகிறவருக்கு 200 வாட் டிராப்களில் எரிய வேண்டும். அப்படி எரிந்தால் ஒரே வாரத்தில் பிளாஸ்டிக் மூடிகள் உருகி மாடியில் சொட்டியிருக்கும். எங்கே சொட்டியது? யாராவது பார்த்தீர்களா?

மொட்டைமாடி:
வணக்கம் ஓஎம். நெட்டில் கேட்காமல் இங்கே வந்து எழுதுவதுதான் உங்கள் வழக்கம், சரி. டிராப் என்றால் கம்பிச்சுருளும் (காயில்) கெபாசிட்டரும். அதில் இழப்பே இல்லை என்று சத்தியம் செய்வீர்களா? ஹெக்ஸில் டிராப்பே கிடையாது. ஒரே கேபிளில் 20, 17, 15, 12, 10 என்று 5 பேண்ட். எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. சின்ன ரோட்டேட்டரே திருப்பிவிடும். உங்கள் டிரைபேண்டரில் 17 எங்கே, 12 எங்கே?

கடலோரக்காது:
17, 12 பற்றி யார் கேட்டது? பாதி பவர் போகிறதா, இல்லையா?
10 மீட்டரில் உள் டிராப் ரெசனன்ஸில் நின்று, அதற்கு வெளியே இருக்கும் குழாயை வெட்டிவிடுகிறது. 20 மீட்டரில் அதே டிராப் வெறும் லோடிங் காயில், குட்டைக் குழாயை நீளமானது போல நடக்கவைக்கும் சுருள். ஒழுங்காகச் செய்த டிராப் என்றால் மொத்த இழப்பு அரை டெசிபல், மிஞ்சினால் 1. சிக்னல் பலம் காட்டும் மீட்டரில் ஒரு எஸ் புள்ளி என்பதே 6 டெசிபல். எதிர்முனையில் இருப்பவரின் மீட்டர் ஊசி அசையக்கூட அசையாது. அப்புறம் ஹெக்ஸ் என்பது பேண்டுக்கு 2 எலிமெண்ட்தான் (எலிமெண்ட் என்றால் ஆண்டெனாவின் ஒவ்வொரு குழாய் அல்லது கம்பி). ஸ்டீவ் ஹண்ட் என்ற இங்கிலாந்து ஹாம் அது வேலை செய்யும் அலைவரிசை அகலத்தைக் கூட்டிக் கொடுத்தார், நல்ல வேலை, மறுக்கவில்லை. அதற்காக 2 எலிமெண்ட் 3 ஆகிவிடாது.

கணக்குப்பிள்ளை:
ஒரு சந்தேகம். இருவரும் இழப்பு என்கிறீர்கள், எதோடு ஒப்பிட்டு? டிராப்பில் சூடாகிப் போவது ஒன்று. எலிமெண்ட் நீளம் குறைந்ததால் கெயின் (ஒரு திசையில் குவிக்கும் பலம்) குறைவது வேறொன்று. கெயினையும் டிபிஐயில் (எல்லாப் பக்கமும் சமமாக வீசும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டு) சொல்கிறீர்களா, டிபிடியில் (சாதாரண டைபோல் ஆண்டெனாவோடு ஒப்பிட்டு) சொல்கிறீர்களா? அதிலேயே 2.15 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும்.

மொட்டைமாடி:
கணக்குப்பிள்ளை சார், அதெல்லாம் அப்புறம். டிராப்பில் இழப்பு உண்டு என்று கடலோரக்காது வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

கடலோரக்காது:
பாதி என்றீர்கள். பாதி! அரை டெசிபலும் 3 டெசிபலும் ஒன்றா? நெட்டில் அத்தனை பேர் கேட்டார்கள்.

பழைய லாக்புக்:
கடற்கரை ஊரில் டிராப்புக்கு முதல் எதிரி உப்பு, அடுத்தது குளவி. வடிகால் ஓட்டை கீழே பார்க்க வேண்டும். மேலே பார்க்க மாட்டிவிட்டு, மழைத் தண்ணீர் நிறைந்ததும் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவரின் அளவுகோல்) ஏறுகிறது என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதைவிட முக்கியம் உயரம். 14 மெகாஹெர்ட்சில், அதாவது 20 மீட்டர் பேண்டில், 10 மீட்டர் உயரம் என்பது அரை அலைநீளம்தான், சிக்னல் 30 டிகிரி வாக்கில் கிளம்பும். 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அது 15 டிகிரிக்கு இறங்கும், தூர தேசம் தானாகக் கிடைக்கும். கம்பத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

சாவிக்காரன்:
இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வைத்து எஃப்டி8 டிஜிட்டல் முறையில் தட்டுகிறவர்கள்தானே? அதற்கு எதற்கு பீம்? துணி காயப்போடும் கம்பியே போதும். மோர்ஸ் சாவியைத் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று?

மொட்டைமாடி:
சாவிக்காரரே, இது ஆண்டெனா பேச்சு. போன ஃபீல்ட் டேயில் (ரேடியோவை வெளியே தூக்கிப்போய் இயக்கும் நாள்) 'சிடபிள்யூ மட்டும்', அதாவது மோர்ஸ் மட்டும், என்று ஜெனரேட்டரை மதியம் வரை பிடித்துவைத்துக்கொண்டதை நாங்கள் மறக்கவில்லை.

சாவிக்காரன்:
ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் போட்டது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடலோரக்காது:
பேச்சை மாற்ற வேண்டாம். அந்த ஃபீல்ட் டேயில் மொட்டைமாடி ஓஎம் போட்டிருந்த கேபிளை நான் பார்த்தேன். 30 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய ஆர்ஜி-58! 28 மெகாஹெர்ட்சில் (10 மீட்டர் பேண்ட்) அந்தக் கேபிளிலேயே 2 டெசிபலுக்கு மேல் போகும். கேபிளில் பவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டிவிட்டு என் டிராப்பில் அரை டெசிபலைத் தேடுகிறார். தடித்த ஆர்ஜி-213 போட்டால் 1 டெசிபல் சொச்சத்தில் முடிந்துவிடும். பாதி பவராம்!

மொட்டைமாடி:
ஃபீல்ட் டேக்குத் தூக்கிப்போகிற கேபிள் அது. வீட்டில் 213தான், வந்து பாருங்கள். வரும்போது என் ஆண்டெனா அனலைசரையும் கொண்டுவாருங்கள். போன பொங்கலுக்கு வாங்கிப்போனது.

புதுசிக்னல்:
அண்ணா, நெட்டில் கேட்டது நான்தான். இரண்டு மாடி வீடு, மேலே 6 மீட்டர் கம்பம்தான் வைக்க முடியும். வீட்டு ஓனர் டிஷ் ஆண்டெனாவுக்கே முறைக்கிறார். எதை வாங்கட்டும்?

மொட்டைமாடி:
ஹெக்ஸ், தம்பி. 20 மீட்டர் பேண்டுக்கான ஹெக்ஸே நடுவிலிருந்து மூன்றேகால் மீட்டரில் சுற்றிவிடும். பக்கத்து வீட்டு மாடிக்கு மேல் போகாது.

கடலோரக்காது:
தம்பி, அவசரப்படாதே. 2016 வர்தா புயலில் தெரிந்த ஒருவருடைய ஹெக்ஸ், காற்றில் மடங்கிய குடை மாதிரி ஆகிவிட்டது. ஃபைபர் கம்பு முறிந்து, கயிறெல்லாம் தனித்தனி. அலுமினியக் குழாய் என்றால் வளைந்ததை நிமிர்த்தி மறுபடி ஏற்றலாம்.

மொட்டைமாடி:
வர்தாவில் செல்போன் டவரே சாய்ந்தது. அதற்கும் ஹெக்ஸ்தான் காரணமா?

பழைய லாக்புக்:
6 மீட்டர் கம்பம் என்கிறான் பையன். வீட்டோடு சேர்த்துத் தரையிலிருந்து மொத்தம் எவ்வளவு உயரம் என்று கேளுங்களேன்.

கடலோரக்காது:
அதை அப்புறம் கேட்கலாம் சார். முதலில் அடுத்த நெட்டில் "பாதி பவர் போகாது" என்று அவர் ஏரில் (ஒலிபரப்பில்) சொல்லட்டும். அனலைசரை நான் வைத்துக்கொள்ளவில்லை, சாவிக்காரரிடம் கொடுத்து மாதக்கணக்காகிறது.

சாவிக்காரன்:
என்னிடம் கொடுத்தீர்களா? எப்போது?

மொட்டைமாடி:
ஏரில் சொல்கிறேன். "டிராப்பில் இழப்பு உண்டு" என்று சொல்கிறேன். 73 (ஹாம்கள் விடைபெறும் வாழ்த்து).

கடலோரக்காது:
எவ்வளவு என்று எண்ணோடு சொல்லுங்கள். 73.