ஊதா ஸ்டாம்ப் மை கசியாமல் ஒட்ட வழி உண்டா?

காரைக்குடி பழம்பொருள் கடையில் வாங்கிய வட்டிக்கடைக் கணக்கேட்டுத் தாள்களை 3 மி.மீ. அட்டையில் கொலாஜாக (பல தாள்களைச் சேர்த்து ஒரே படமாக) ஒட்டுகிறேன். கறுப்பு எழுத்து அசையவில்லை. ஊதா ரப்பர் ஸ்டாம்ப்தான் தொல்லை: ஈரப் பஞ்சை 10 விநாடி வைத்தாலே பஞ்சு ஊதாவாகிறது.

பசை: மைதா 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு, காய்ச்சி வடிகட்டியது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பூச்சி வராமல் தடுக்கும், ஆனால் தாளை நொறுக்கிவிடும், அதனால் சேர்க்கவில்லை. தாளில் தடவினால் ஊறி உப்பி, காய்ந்ததும் சுருங்குகிறது. அட்டையில் மெல்லத் தடவி, மேலே கனம் வைத்தால் சுருக்கம் இல்லை. கசிவு மட்டும் நிற்கவில்லை. மேலே ஸ்பிரிட் வார்னிஷ் பூசி மூடவும் ஆகாது, ஸ்பிரிட்டில் அந்த மை கரையும்.

ஈரமில்லாமல் இஸ்திரிச் சூட்டில் உருகி ஒட்டும் பசைத்தாள் மதுரை, திருச்சியில் எந்த மாதிரிக் கடையில் கிடைக்கும்? பழந்தாளுக்கு எவ்வளவு சூடு தாங்கும்? நகலெடுத்து ஒட்டச் சொல்லாதீர்கள், அந்தச் செல்லரித்த ஓரம்தான் வேலையே!