ஹாஸ்டோரியத்துக்குத் தமிழ்: தேங்காய்ப்பூவா, பூரானா, உறிஞ்சியா?

மொழிபெயர்ப்பாளர்:
தென்னை நாற்றங்கால் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தமிழகம், இலங்கை இரண்டுக்கும் ஒரே பதிப்பு. ஒரு சொல் முட்டுகிறது. விதைக்காய் ஊன்றி 8–10 வாரத்தில் கண் வழியே முளை தலைகாட்டும். உள்ளே வித்திலையின் நுனி பஞ்சுபோலப் பருத்து, தண்ணீர் இருந்த குழியை மெல்ல அடைத்துக்கொண்டு, பருப்பைக் கரைத்து முளைக்கு ஊட்டும். இதுதான் ஹாஸ்டோரியம். “நாற்றை ஓலையைப் பிடித்து இழுக்காதே, மண்வெட்டியால் பெயர்த்தெடு” என்பதற்குக் காரணம் சொல்லும்போது இந்தச் சொல் தேவைப்படுகிறது. இழுத்தால் கண்ணருகே இணைப்பு அறும். பல மாதம் நாற்றுக்குச் சோறு காய்க்குள்தான்.

பொள்ளாச்சி:
இதற்கு என்ன யோசனை? தேங்காய்ப்பூ. தள்ளுவண்டியில் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள்.

யாழ்ப்பாணம்:
எங்களுக்குத் தேங்காய்ப்பூ என்றால் திருவின தேங்காய். “தேங்காய்ப்பூ குழியை அடைக்கும்” என்று வாசித்தால் புட்டுக்குழல்தான் நினைவுக்கு வரும். முளைத்த பனங்கொட்டைக்குள் இருப்பது பூரான். உறுப்பும் வேலையும் ஒன்றே. பூரான் என்றே போடுங்கோ.

பொள்ளாச்சி:
இங்கே பூரான் கடிக்கும். “காய்க்குள் பூரான் நிறைந்திருக்கும்” என்று அச்சடித்தால் மருந்தடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

தாவரவியல் ஆசிரியர்:
‘உறிஞ்சு உறுப்பு’ என்றால் மாணவர் அம்மையார் கூந்தலை நினைப்பார்கள். அது அடுத்த செடியில் ஒட்டிப் பிழைப்பது. இது தன் விதையின் உணவைத்தான் எடுக்கிறது. ‘வித்திலை உறிஞ்சி’ என்றால் பிழை இல்லை.

இலக்கணக்காரர்:
பிழை இல்லை, உயிரும் இல்லை. மலையாளத்தில் இதைப் பொங்ஙு என்கிறார்கள். நம் ‘பொங்கு’தான், வினையடியே பெயராக நிற்கும் முதனிலைத் தொழிற்பெயராகக் கொள்ளலாம். தெங்கு, காய் வந்தால் நீண்டு ஈறு கெட்டுத் தேங்காய் ஆகும் என்பது நன்னூல். பொங்கு வந்தால் அந்த விதி இல்லை, தெங்கம்பழம்போல் தெங்கம்பொங்கு. இன்னொன்று: ஓரறிவுயிரின் இளமைக்குப் ‘பிள்ளை’ என்பதும் அமையும் என்கிறது தொல்காப்பிய மரபியல். தென்னம்பிள்ளை என்கிறோம். பிள்ளைக்கு உள்ளிருந்து ஊட்டுவது கொப்பூழ்க்கொடி அல்லவா? அந்த வழியிலும் ஒரு சொல் ஆக்கலாம்...

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, கொப்பூழ் வேண்டாம். படிப்பவர் கையில் மண்வெட்டி இருக்கிறது. ‘முளைப்பஞ்சு’ எப்படி? பிளந்த காயில் கண்ணுக்குத் தெரிவதும் அதுதானே: மஞ்சள் உருண்டை, மேலே வரிவரியாய் மேடு, அழுத்தினால் அமுங்கும்.

தாவரவியல் ஆசிரியர்:
வகுப்புக்குப் போதாது. கையேட்டுக்குச் சரி.

யாழ்ப்பாணம்:
சொல் முதலில் வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் பூரானும் வர வேணும்.

பொள்ளாச்சி:
கூடவே தேங்காய்ப்பூவும். அதற்குமேல் எனக்குத் தெம்பில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
முளைப்பஞ்சு (தேங்காய்ப்பூ, இலங்கையில் பூரான்). அனுப்பிவிட்டேன்.

இலக்கணக்காரர்:
பஞ்சு உறிஞ்சும், கரைக்காது, ஊட்டவும் ஊட்டாது. அடுத்த பதிப்புக்குப் ‘பொங்கு’ என் முன்மொழிவாக இருக்கட்டும்.