15ஆம் திகதியோடு முடிந்துபோகும் சம்பளம்

உவர்மலைவாசி:
வணக்கம். நானும் கணவரும் திருகோணமலை நகரத்தில் வேலை செய்கிறோம். பிள்ளைகள் இருவரும் பாடசாலைக்குப் போகிறார்கள். 25ஆம் திகதி வங்கிக்கு வரும் சம்பளம் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் முடிந்துவிடுகிறது. மீதி நாள்கள் சந்திக் கடைக் கடன் கொப்பியில்தான் ஓடுகின்றன. ஆடம்பரம் என்று சொல்லத்தக்க செலவு எதுவும் எங்களிடம் இல்லை. சென்ற மாதம் மூத்தவனின் பழைய அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொரு செலவையும் எழுதிப் பார்த்தபோது, அரிசி, மீன், மின்கட்டணம் ஆகிய மூன்றுமே பெரும்பகுதியை விழுங்கியிருந்தன. மின்பட்டியலில் 30 நாள்களுக்கு 71 அலகு என்று இருக்கிறது. இவற்றைத் தவிர, 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற மாதங்களில் 100,000 ரூபாய்க்கு அடகு வைத்த என் சங்கிலி இன்னும் மீளவில்லை. வருடாவருடம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறோம். "தேநீரைக் குறையுங்கள்" என்பது போன்ற அறிவுரைகளை நிறையவே வாசித்துவிட்டேன். எங்கள் ஊரில் நீங்களே செய்து பயன் கண்டவற்றைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலையூற்றான்:
சகோதரி, மின்பட்டியலில் ரூபாயை விட்டுவிட்டு முதலில் அலகைப் பாருங்கள். மாதத்துக்கு 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணையும், அதைத் தாண்டும் வீட்டுக்கு வேறோர் அட்டவணையும் உள்ளன. தாண்டிவிட்டால், கூடுதலாக எரித்த 11 அலகுக்கு மட்டுமன்றி முதலாவது அலகிலிருந்தே உயர்ந்த வீதத்தில் கணக்கிடுவார்கள். நிலையான மாதக் கட்டணமும் கூடும். மானி வாசிப்பவர் 33 நாள் கழித்து வந்தால் எல்லையும் 66 ஆகும் என்பதால், அவர் பிந்துவதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

70 வாற்று மின்விசிறி ஒன்று இரவில் 8 மணி நேரம் சுழன்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 17 அலகு செலவாகும். இரண்டு அறைகளுக்கு 34. குளிர்சாதனப் பெட்டி நாளுக்கு ஓர் அலகு எடுத்தாலே 30. விளக்கையும் அயனையும் போடுவதற்கு முன்பே 64 ஆகிவிடுகிறது! கச்சான் காற்று அனல் வீசும் மாதங்களில் விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே எங்கள் வீட்டில் மே முதல் செப்ரெம்பர் வரை எல்லோரும் ஹோலில் பாய் விரித்து ஒரே விசிறியின் கீழ் படுக்கிறோம். அதோடு, மானிக்குக் கீழே சுவரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பென்சிலால் இலக்கத்தைக் குறித்துவைக்கிறேன். முந்திய வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் இடையில் 14க்கு மேல் வந்தால் யாரோ எதையோ நிறுத்த மறந்திருக்கிறார்கள் என்று பொருள். 1,000 வாற்று அயன் ஒரு மணி நேரத்தில் ஓர் அலகை முடித்துவிடும் என்பதால் சீருடைகளை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் தேய்க்கிறோம். 30 வாற்று அளவில் ஓடும் பீ.எல்.டி.சி. விசிறிகளும் கடைகளில் உண்டு. விலை கூடியவை என்பதால், கையில் பணம் வரும்போது யோசிக்கலாம்.

கிண்ணியாக் கரை:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தங்கச்சி, அரிசியைக் கிலோக் கணக்கில் வாங்குவதை விடுங்கள். தம்பலகாமத்திலும் எங்கள் பக்கத்திலும் பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சிலும் சிறுபோக நெல் ஓகஸ்ட் அளவிலும் களத்துக்கு வரும். விலை இறங்குவது அந்த வாரங்களில்தான். அப்போது மூன்று மூட்டை நெல்லை வாங்கி வைத்து, முடிய முடிய ஒவ்வொன்றாக மில்லில் கொடுத்து அவித்துக் குற்றுவிக்கிறோம். 60 கிலோ நெல்லில் 38 முதல் 40 கிலோ வரை அரிசி கிடைக்கிறது. தவிடு கோழிக்குப் போகும். வாங்கும்போது ஒரு நெல்லை முன்பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள்: "டக்" என்று உடைந்தால் காய்ந்த நெல், நசிந்தால் ஈர நெல். ஈர நெல்லை மூட்டையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துப் பணம் முழுவதும் வீணாகும்.

மீனுக்கும் பருவம் பார்க்க வேண்டும். வாடைக் காலத்தில் கடல் குழம்பி வள்ளங்கள் இறங்காத நாள்களில் பாரையின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். கடல் அடங்கியிருக்கும் காலத்தில், கரைவலை இழுத்து முடியும் நேரத்தில் கரையில் நின்றால், சூடையும் நெத்தலியும் மலிவாகக் கிடைக்கும். அன்றைக்குச் சமைத்தது போக மீதியைக் குடல் நீக்கி, உப்பிட்டு, நல்ல வெயிலில் காயவைத்துக் கருவாடாக்குகிறோம். உப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். முதல் தடவை நான் அப்படிப் பார்த்து, மூன்றாம் நாள் புழு வைத்த அத்தனையையும் தென்னையின் அடியில் புதைத்தேன்.

ஐந்தொகை:
மேலே சொன்னவை எல்லாம் நல்லவைதான். ஆனால் எனக்குச் சங்கிலியே உறுத்துகிறது. வட்டி நூற்றுக்கு 15 எனக் கொண்டால் வருடத்துக்கு 15,000 ரூபாய், அதாவது மாதம் 1,250 ரூபாய், முதல் தொகையில் ஒரு சதமும் குறையாமல் போய்க்கொண்டிருக்கிறது. விசிறியிலும் நெல்லிலும் மிச்சப்படுவதைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பதைவிட, அடகின் முதல் தொகையைப் பகுதி பகுதியாகக் கட்டுவது மேல். அடுத்த நாள் முதல் வட்டி அந்தளவுக்குக் குறையும். சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டி அடகு வட்டியை எட்டாது.

இதற்காகச் சீட்டுச் சேரச் சொல்லி அயலில் யாராவது கேட்பார்கள். கழிவு கூறி ஏலத்தில் எடுக்கும் கழிவுச் சீட்டை அவசரத்துக்கு எடுப்பவர், பெறும் தொகையைவிடக் கூடுதலாகவே கட்டி முடிக்கிறார். குலுக்கல் சீட்டில் கழிவு இல்லை என்றாலும், பிடிப்பவரை நம்பியே எல்லாம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடித்தவர் ஏழாவது மாதம் ஊரில் இல்லை, எனக்கு 35,000 ரூபாய் போனது.

உவர்மலைவாசி:
எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். ஹோலில் படுக்க மூத்தவன் முதலில் முரண்டு பிடித்தான். இப்போது மானி இலக்கத்தைச் சுவரில் எழுதுவதே அவன்தான். இம்மாதப் பட்டியல் 31 நாள்களுக்கு 57 அலகு. நெல்லுக்கு இது பருவம் அல்ல என்பதால் ஓகஸ்ட் வரை பொறுத்திருக்கிறோம். வங்கியில் கேட்டபோது பகுதியாகக் கட்டலாம் என்றார்கள். 4,000 ரூபாய் கட்டிப் பற்றுச்சீட்டைச் செலவுக் கொப்பிக்குள் ஒட்டியிருக்கிறேன். சந்திக் கடைக் கொப்பி இன்னும் மூடப்படவில்லை, ஆனால் 15ஆம் திகதி 19 ஆகியிருக்கிறது. கிண்ணியா அண்ணா, சூடையைக் காயவைக்கும்போது காகத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

கிண்ணியாக் கரை:
பழைய மீன்வலைத் துண்டு ஒன்றை மேலே கட்டுங்கள், தங்கச்சி. மீனில் முட்டாமல் ஒரு முழம் உயரத்தில் இருக்க வேண்டும்.